உப்புக் கரித்த சுவர்

முப்பத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்த சூசைமாணிக்கம், ஜெபம் செய்யும்போதுகூட ஒரு கண்ணை லேசாகத் திறந்துதான் வைத்திருப்பார். பழக்கம் அப்படி.

ஏட்டாக ஓய்வு பெற்ற மறு வருஷம் மனைவி ஞானப்பூ இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. பங்குச் சாமியாரிடம் போய், "எனக்கு ஏதாவது வேலை குடுங்க சாமி" என்றார். உபதேசியார் பயிற்சிக்குப் பெயர் எழுதிக்கொண்டார்கள். மூன்று மாதம் பாடம். மறையுரை, ஞானோபதேசம், துக்க வீட்டில் என்ன பேசுவது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு வருஷம் யாராவது ஒருவரிடம் சீடனாக இருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

அவரை அனுப்பிய இடம் கழிக்கரை. புயல் அடித்து ஓய்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உப்பளத் தொழிலாளிகளின் ஊர். நின்ற வீடு என்று ஒன்று இல்லை. ஜனங்கள் நீலத் தார்ப்பாயின் அடியில் குடியிருந்தார்கள்.

அவருக்குக் குருவாக அமைந்தவர் சிஸ்டர் ரெஜினா. அவரைவிடப் பதினாறு வயது இளையவர். ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம், கையில் ஜெபமாலைக்குப் பதிலாக ரசமட்டம். கட்டுகிற சுவர் மேல் அதை வைத்து, உள்ளே நகரும் குமிழியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

வந்த அன்றே சூசைமாணிக்கம் கேட்டார்.

"எனக்கு என்ன சொல்லித் தரப் போறீங்க, சிஸ்டர்?"

"அந்தச் செங்கல்லை எல்லாம் நனைச்சு அடுக்குங்க, ஏட்டையா."

அடுக்கினார். ஒரு வாரம் அதையேதான் செய்தார்.

பதினோரு வீடு கட்டுவதாகத் திட்டம். மேஸ்திரி கலியமூர்த்தி வெளியூர்க்காரர். ஆறு ஆட்கள். ஊர் ஜனங்கள் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். கிட்டே வரமாட்டார்கள். டீ கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் வீடு எழும்புகிறது. ஆனால் யாரோ தங்கள் நிலத்தில் வேலி போடுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று சூசைமாணிக்கம் விசாரித்தார். விசாரிப்பது அவருக்குக் கைவந்த வேலை. சாவி வாங்கும்போது பேரை மாற்றிக்கொள்ள வேண்டுமாம். நிலைப்படிக்குள் சிலுவையை வைத்துப் பூசிவிடுகிறார்களாம். பத்து வருஷம் கழித்து வீடு சபைக்குச் சொந்தமாகிவிடுமாம்.

"நாம என்ன திருடவா வந்திருக்கோம், சிஸ்டர்? இப்படிச் சந்தேகப்படுறாங்க?"

"நமக்கு முன்னாடி இங்க எத்தனை பேர் வந்தாங்கன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். ஏழெட்டுக் கூட்டம் வந்திருக்கு."

"என்ன பண்ணாங்களாம்?"

"பேரை எழுதிக்கிட்டாங்களாம். போட்டோ எடுத்தாங்களாம். போயிட்டாங்களாம்."

சிஸ்டர் ரசமட்டத்தை அடுத்த சுவருக்கு எடுத்துக்கொண்டு போனார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சூசைமாணிக்கத்தின் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு உண்டு. ஸ்டேஷனில் இருந்த காலத்துப் பழக்கம். யார் வந்தார்கள், யார் எங்கே நின்றார்கள், எல்லாம் எழுதுவார். மூன்றாம் எண் வீடு ஒதுக்கப்பட்டிருந்த பெண்ணைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: "வேம்பு. வயது நாற்பதுக்குள். உப்பளக் கூலி. கணவர் காத்தமுத்து புயலில் மரணம். வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. பார்க்கிற விதம் சரியில்லை."

சிஸ்டரைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. "மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட ஜனங்களிடம் ஆண்டவர் பெயரைச் சொல்லவில்லை. ஏன்?"

அந்தக் கேள்வியை அவர் சிஸ்டரிடம் கேட்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் அது இருந்துகொண்டே இருந்தது.

ஈஸ்டர் முடிந்த மறு ஞாயிறு பிஷப் வந்து வீடுகளை ஆசீர்வதித்து, சாவி கொடுப்பதாகத் தேதி குறித்தாயிற்று. அதற்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் சுவர்களில் கீறல்கள் தெரிந்தன.

முதலில் மூன்றாம் வீட்டில். முழங்கால் உயரத்தில், புதிய பூச்சின் மேல், விரல் நீளத்துக்கு யாரோ சுரண்டியிருந்தார்கள். அடுத்த நாள் ஐந்தாம் வீட்டுத் தூணில். அதற்கடுத்த நாள் ஏழாம் வீட்டில். ஒரு வாரத்துக்குள் எட்டாம் வீடு தவிர எல்லா வீட்டிலும். காலையில் இருக்காது, சாப்பாட்டு வேளை முடிந்து வந்து பார்த்தால் இருக்கும்.

"எவனோ வேணும்னே பண்றான், சிஸ்டர். நம்மள இங்கேர்ந்து கெளப்பப் பாக்குறாங்க."

"இருக்கலாம்."

"புடிக்கிறேன் பாருங்க."

சிஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடியுங்கள் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஆட்கள் சாப்பிட உட்கார்ந்ததும் சூசைமாணிக்கம் எட்டாம் வீட்டுக்குள், சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். உச்சி வெயில். வியர்வை கழுத்தில் வழிந்தது. பழைய நாட்களின் உற்சாகம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அது அவருக்கே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வேம்பு வந்தாள்.

கால் முழங்கால்வரை உப்புத் தூள் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். இடுப்பிலிருந்து ஒரு ஆணியை எடுத்து, தூணின் அடிப்பக்கத்தில் சுரண்டினாள். உதிர்ந்த தூளை உள்ளங்கையில் ஏந்தினாள். பிறகு அவள் செய்ததைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தத் தூளை நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். துப்பினாள்.

"என்னா பண்ற?" என்று எழுந்தார்.

அவள் திடுக்கிட்டாள். ஆனால் ஓடவில்லை.

"அந்த ஆணியக் குடு. நட சிஸ்டர்கிட்ட."

"நடக்குறேன். நானே அவங்களப் பாக்கணும்னுதான் இருந்தேன்."

அவள் முன்னால் நடக்க, அவர் பின்னால் வந்தார். அதைப் பார்த்ததும் தார்ப்பாய்களுக்கு அடியிலிருந்து ஜனங்கள் எழுந்து வந்துவிட்டார்கள். உப்பளத்திலிருந்தும் நாலு பேர் ஓடி வந்தார்கள்.

"பாத்தியா, போலீஸ்காரன் புத்திய!"

"அவ அவங்க ஜெபக் கூட்டத்துக்குப் போகல, அதான் புடிச்சுட்டாங்க."

"பொம்பளை மேல கை வச்சுப் பாக்கச் சொல்லு."

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சூசைமாணிக்கம் ஆணியை நீட்டினார்.

"இவதான், சிஸ்டர். சுவரைச் சுரண்டுறா. என் கண்ணால பாத்தேன்."

ஏன் செய்தாய் என்று சிஸ்டர் கேட்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"வாயில எதையோ வச்ச மாதிரி இருக்கே, வேம்பு?"

"சுவரத்தான் வச்சுப் பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"கரிக்குது."

கலியமூர்த்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "சிமெண்ட்டுன்னா வெள்ளை பூக்கத்தான் செய்யும், சிஸ்டர். உள்ள இருக்கிற சுண்ணாம்புச் சத்து. நாலு மழை பெஞ்சா போயிடும்."

வேம்பு அவர் பக்கம் திரும்பினாள்.

"சுண்ணாம்புன்னா நாக்கச் சுடும். இது கரிக்குது. நான் பத்து வயசுலேர்ந்து உப்புப் பாத்தியில நிக்கிறேன். உப்பு எதுன்னு எனக்கா சொல்லித் தரீங்க?"

பிறகு சிஸ்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க பழைய வீடும் இப்படித்தாம்மா. அவசரத்துக்கு உப்புக் கழித் தண்ணிய ஊத்திக் குழைச்சுக் கட்டிட்டாங்க. ரெண்டு வருஷத்துல சுவரு பொரிஞ்சு பொரிஞ்சு உதிர ஆரம்பிச்சுது. தூணுக்குள்ள இருந்த கம்பி துரு புடிச்சு ஈர்க்குச்சியாட்டம் ஆயிடுச்சு. வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. காத்து அடிச்ச அன்னிக்கி அந்தத் தூணுதான் அவரு மேல விழுந்துச்சு."

சிஸ்டர் மூன்றாம் வீட்டுக்கு நடந்தார். ஆணியால் தூணைச் சுரண்டி, தூளை நாக்கில் வைத்தார். அவர் முகத்தில் எந்த மாறுதலும் தெரியவில்லை. திரும்பினார்.

"நீங்களும் பாருங்க, ஏட்டையா."

சூசைமாணிக்கம் நாக்கில் வைத்தார்.

கரித்தது.

அந்தக் கரிப்பு அவருக்குத் தெரிந்த கரிப்புதான். ஐந்து வாரத்துக்கு முன்னால் பாலத்தில் மண் சரிந்து, தண்ணீர் லாரி நான்கு நாள் வரவில்லை. சிஸ்டர் பொறுப்பை இவரிடம் விட்டுவிட்டு, சிமெண்ட்டுக்காக டவுனுக்குப் போயிருந்தார். வேலை நின்றால் பிஷப் வருகிற தேதி தள்ளிப்போகும். "கழி ஓடைத் தண்ணிய ஊத்தலாமா?" என்று கலியமூர்த்தி கேட்டார். "மழைத் தண்ணி கலந்திருக்கு. ஒண்ணும் ஆகாதுங்க." சூசைமாணிக்கம் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். துப்பினார். "சரி, ஊத்து" என்றார்.

நோட்டில் எழுதாத ஒரே விஷயம் அதுதான்.

"எத்தனை வீடு?" என்று சிஸ்டர் வேம்புவைக் கேட்டார்.

"மூணுலேர்ந்து எட்டுவரைக்கும். மத்தது நல்லாத்தான் இருக்கு. எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"ஆறு வீட்டையும் இடிச்சிடலாம்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "நமக்குன்னா எப்படி வேணா கட்டலாம்னு நெனச்சாங்க" என்றான் ஒருவன். இன்னொருவன் கலியமூர்த்தியின் சட்டையைப் பிடித்தான். "வெளியூர்க்காரப் பயலே, எங்க பிள்ளைங்க தலையில விழட்டும்னு கட்டுனியா?"

கலியமூர்த்தி வாயைத் திறக்கவில்லை. சூசைமாணிக்கத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பார்வையைச் சூசைமாணிக்கம் ஸ்டேஷனில் பல தடவை பார்த்திருக்கிறார். பெரிய இடத்து ஆளுக்காக அடியை வாங்கிக்கொள்ளத் தயாராகிவிட்டவனின் பார்வை. அப்போதெல்லாம் அவர் மேஜைக்கு விசாரிக்கிற பக்கத்தில் இருந்தார்.

சிஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருக்கிறாரோ என்று தோன்றியது.

"அவரை விடுங்க" என்றார் சூசைமாணிக்கம். கூட்டத்துக்குள் நுழைந்து மறுபடி சொன்னார். "மேஸ்திரிய விடுங்க. நான்தான் ஊத்தச் சொன்னேன்."

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

வேம்பு கேட்டாள். "தெரியாமச் சொன்னீங்களா?"

"இல்ல. வாயில விட்டுப் பாத்தேன். கரிச்சுது. அப்புறம்தான் சொன்னேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உப்பளத்தைப் பார்த்து நடந்தாள்.

சிஸ்டர் பெரிய சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் வீட்டுத் தூணில் முதல் அடியை அவரே போட்டார். இரண்டாவது அடிக்கு முன் சூசைமாணிக்கம் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அன்று சாயந்திரமே பிஷப்புக்குத் தகவல் போயிற்று: வர வேண்டாம், வீடுகள் தயாராக இல்லை.

இடிப்பதற்கு ஒன்பது நாள் பிடித்தது. ஊர் கிட்டே வரவில்லை. முன்பைவிடத் தூரத்தில் நின்றது. இடித்துவிட்டு இவர்கள் ஓடிவிடப் போகிறார்கள் என்று புதிய பேச்சு கிளம்பியிருந்தது. தாங்களாகவே ஜெபத்துக்கு வந்துகொண்டிருந்த இரண்டு குடும்பங்களும் நின்றுவிட்டன. சூசைமாணிக்கத்தின் உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு இடித்தார்.

நாலாம் நாள் சொன்னார்.

"என்னை ஊருக்கு அனுப்பிடுங்க, சிஸ்டர். நான் இதுக்கு லாயக்கில்ல."

சிஸ்டர் உடைந்த சுவருக்கு அந்தப் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஜன்னல் சட்டம் நல்லாருக்கு, ஏட்டையா. உடையாம எடுங்க. மறுபடி ஆகும்."

எடுத்தார்.

இடித்து முடிந்த மறுநாள் நல்ல தண்ணீர் லாரி வந்தது. ஆட்கள் பீப்பாய்களில் பிடித்தார்கள். கலியமூர்த்தி கலவைக்கு ஊற்றப் போனார்.

"இருங்க" என்றார் சிஸ்டர். "வேம்பு வந்து பாக்கட்டும்."

"லாரித் தண்ணிதானே, சிஸ்டர்?"

"அவ சரின்னு சொன்னாத்தான் ஊத்தணும்."

ஆளனுப்பினார்கள். வேம்பு உடனே வரவில்லை. எதற்கு என்று மூன்று தடவை கேட்டனுப்பினாள். இதில் என்ன சூது இருக்கிறது என்று யோசித்திருப்பாள். கடைசியில் வந்தாள். ஒவ்வொரு பீப்பாயிலும் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். ஐந்தைச் சரி என்று விட்டுவிட்டு ஆறாவதன் முன்னால் நின்றாள்.

"இது வேணாம். பீப்பாய்ல முன்னாடி எதுவோ இருந்திருக்கு."

சூசைமாணிக்கம் அதை ருசி பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நம்மைப் பழி வாங்குகிறாளோ என்று ஒரு கணம் நினைத்தார். சிஸ்டரைப் பார்த்தார்.

"கொட்டிடுங்க, ஏட்டையா."

கொட்டினார்.

அதன் பிறகு தினமும் உப்பளத்துக்குப் போகிற வழியில் வேம்பு வந்தாள். தண்ணீரைப் பார்ப்பாள், மணலைப் பார்ப்பாள், ஒரு வார்த்தை பேசாமல் போவாள். அவள் வருகிறாள் என்று வேறு இரண்டு பெண்கள் வந்தார்கள். பிறகு ஆண்கள் வந்தார்கள். "கம்பி இவ்வளவு கிட்டக் கிட்ட வேணுமா?", "அஸ்திவாரம் எத்தனை அடி?" என்று கேள்வி கேட்டார்கள். கலியமூர்த்திக்கு எரிச்சலாக வந்தது. சிஸ்டர் ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொன்னார். குழியில் இறங்கி முழம் போட்டுக் காட்டினார். யாரும் நன்றி சொல்லவில்லை. யாரும் ஜெபத்துக்கும் வரவில்லை.

சூசைமாணிக்கம் நோட்டில் எழுதுவதை விட்டுவிட்டார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஆடி பிறக்கும்போது மூன்றாம் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. கதவு இன்னும் வைக்கவில்லை. ஒரு சாயந்திரம், வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு, வேம்பு வந்து அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். சூசைமாணிக்கம் சாந்துச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏட்டையா."

முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டாள்.

"சொல்லும்மா."

"ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லக் கூடாது."

அவர் சட்டியை வைத்துவிட்டு வந்து, படியின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கிக் காத்து அடிச்சப்ப நான் எல்லாச் சாமியையும் கூப்புட்டேன். மாரியாத்தாளக் கூப்புட்டேன், ஐயனாரக் கூப்புட்டேன். பக்கத்தூரு மாதா கோயிலுக்குக்கூட மெழுகுவத்தி நேந்துகிட்டேன். தூணு அவரு மேல கெடக்கு. என்னால தூக்க முடியல. விடியிற வரைக்கும் கூப்புட்டுக்கிட்டே இருந்தேன். அவரும் என்னைய கூப்புட்டுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் அவரு நிறுத்திட்டாரு."

காலில் காய்ந்திருந்த உப்பை நகத்தால் சுரண்டினாள்.

"இப்ப நீங்க வந்திருக்கீங்க, உங்க சாமி அனுப்புச்சுன்னு. அனுப்பத் தெரிஞ்ச சாமி அன்னிக்கி எங்க இருந்துச்சு?"

சூசைமாணிக்கத்துக்குப் பதில் தெரியும். பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒன்றல்ல, நாலைந்து பதில்கள். வரிசையாக மனப்பாடம் செய்து ஒப்பித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார். வாயைத் திறந்தார். ஞானப்பூ ஆஸ்பத்திரிக் கட்டிலில் பதினோரு நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தது ஞாபகம் வந்தது. அந்தப் பதினோரு நாளும் அவர் யாரைக் கூப்பிட்டார், எப்படிக் கூப்பிட்டார் என்பதும் ஞாபகம் வந்தது. தினமும் ஜெபத்தில் உட்கார்ந்து அவர் நடத்திக்கொண்டிருப்பது ஜெபமே அல்ல, விசாரணை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"தெரியலம்மா" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரி போன நாள்லேர்ந்து நானும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். இன்னும் பதில் வரல."

"உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாது."

அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவரால் படிக்க முடியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் முகங்களைப் படித்தவர். வெறுமனே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புக் குவியல்களின் மேல் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மௌனத்தில் உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை.

"கொஞ்சம் இரும்மா. சிஸ்டரைக் கூட்டிட்டு வரேன்."

சிஸ்டர் ஆறாம் வீட்டில் இருந்தார். சூசைமாணிக்கத்துக்கு மூச்சு வாங்கியது. நடந்ததை எல்லாம் சொன்னார்.

"கெடுத்துட்டேன், சிஸ்டர். இத்தனை மாசத்துல இப்பதான் ஒருத்தி ஆண்டவரைப் பத்தி வாயத் தொறந்து கேட்டா. உபதேசியார்னு வந்தவன் தெரியாதுன்னு சொல்லிட்டேன். நீங்க வந்து ஏதாவது சொல்லுங்க."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"எழுந்து போயிட்டாளா?"

சூசைமாணிக்கம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வேம்பு அதே இடத்தில் இருந்தாள்.

"இல்ல. உக்காந்துதான் இருக்கா."

"அப்ப நீங்க எதுக்கு எழுந்து வந்தீங்க?"